ஆர்ஸ்டூடியோ திறக்கிறது, ஆனால் வகுப்பில் செய்வது எதுவும் என் லேப்டாப்பில் ஓடவில்லை

மழைத்துளி:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை முதல் பருவத்தில் புள்ளியியல் பாடம் எடுத்திருக்கிறேன். பயிற்சிகள் எல்லாமே ஆர் மொழியில்தான். இதற்கு முன் நான் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. லேப்டாப் அண்ணனுடையது. அதில் ஆர்ஸ்டூடியோ ஏற்கெனவே இருந்தது. அதனால் முதல் வார வகுப்பில் எல்லோரும் நிறுவிக்கொண்டிருந்தபோது நான் எதையும் நிறுவவில்லை. இப்போது இரண்டாம் வாரம், நான்கு சிக்கல்கள்.

டைடிவெர்ஸ் பேக்கேஜை (ஆரில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கட்டளைத் தொகுப்பு) நிறுவச் சொன்னால் கால் மணி நேரம் ஏதேதோ ஓடுகிறது, கடைசியில் ‘நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்று சிவப்பில் நின்றுவிடுகிறது. இது முதல் சிக்கல்.

ஆசிரியர் |> என்று ஒரு குறி போடுகிறார். அதையே நான் தட்டினால் ‘எதிர்பாராத >’ என்று எரர் வருகிறது.

செட்.சீட்(1) கொடுத்துவிட்டு சாம்பிள்(1:10) ஓட்டினால் வகுப்பில் எல்லோருக்கும் 9 4 7 1 2 5 3 10 6 8 என்று வருகிறது. எனக்கு மட்டும் 3 4 5 7 2 8 9 6 10 1. மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், மாறவில்லை.

சிஎஸ்வி ஃபைலைப் படித்தால் பெயர்கள் இருக்கும் பத்தி எனக்கு ஃபேக்டர் என்று காட்டுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது வெறும் எழுத்து வகைதான்.

வெள்ளிக்கிழமைக்குள் முதல் பயிற்சியைக் கொடுக்க வேண்டும். இது எனக்கு வராது போலிருக்கிறது என்று நேற்று அழுகையே வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

(கைபேசியில் தட்டுகிறேன், அதனால் கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்.)

வேகநடை:

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

எண்ணும் எழுத்தும்:

கொஞ்சம் பொறுங்கள், எதையும் அழிக்க வேண்டாம். மழைத்துளி, ஆர்ஸ்டூடியோவைத் திறந்ததும் இடப்பக்கக் கன்சோலில் முதல் வரியாக என்ன வருகிறது? ஆர் பதிப்பு எண், ஒரு தேதி, அதை அடுத்து மேற்கோள் குறிக்குள் ஒரு பட்டப்பெயர் இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் அப்படியே எழுதுங்கள்.

மழைத்துளி:

3.5.1, தேதி 2018-07-02, பெயர் ‘ஃபெதர் ஸ்ப்ரே’.

எண்ணும் எழுத்தும்:

அப்படித்தான் நினைத்தேன். உங்களுக்கு இருப்பது நான்கு சிக்கல் அல்ல, ஒன்றுதான். நீங்கள் 2018ஆம் ஆண்டின் ஆர் வைத்துக்கொண்டு இன்றைய பாடத்தைப் படிக்கிறீர்கள். நீங்கள் எழுதிய நான்குமே அதற்குச் சாட்சி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். புதிதாக வருபவர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

சாம்பிளில் தொடங்குகிறேன், அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும். 2019 ஏப்ரலில் வந்த 3.6.0 பதிப்பில், சமவாய்ப்பாகப் பொறுக்கி எடுக்கும் முறையையே மாற்றினார்கள். பழைய முறை ஒரு பின்ன எண்ணை உருவாக்கி, பெருக்கி, முழு எண்ணாக்கும். மிகப் பெரிய கூட்டத்திலிருந்து எடுக்கும்போது எல்லோருக்கும் சரிசமமான வாய்ப்பு அதில் கிடைக்கவில்லை, மிகச் சிறிய சாய்வு இருந்தது. அதைத் திருத்தினார்கள். அதனால் செட்.சீட்டில் ஒரே விதை எண், அதாவது தொடக்க எண், கொடுத்தாலும் பழைய ஆர் ஒரு வரிசை தரும், புதியது வேறொரு வரிசை தரும். நீங்கள் எழுதிய 3 4 5 7 என்று தொடங்கும் வரிசை பழைய முறைக்குச் சரியான விடை. நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை.

அடுத்து ஃபேக்டர், அதாவது எழுத்துகளை வகைகளாகப் பிரித்து வைக்கும் வடிவம். எழுத்துப் பத்திகளைத் தானாகவே ஃபேக்டராக மாற்றும் வழக்கம் ஆர் மொழியில் நெடுங்காலம் இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த 4.0.0 பதிப்பில்தான் அதை விட்டார்கள். உங்கள் 3.5.1 இன்னும் பழைய வழக்கப்படியே நடக்கிறது.

|> என்ற குழாய்க்குறி, இடப்பக்க விடையை வலப்பக்கக் கட்டளைக்கு அனுப்புவது, 2021 மே மாதம் வந்த 4.1.0 பதிப்பில் சேர்ந்தது. 2018ஆம் ஆண்டின் ஆருக்கு அப்படி ஒரு குறியே தெரியாது. செங்குத்துக் கோட்டைப் படித்ததும் அடுத்து ஒரு மாறியின் பெயர் வரும் என்று காத்திருக்கிறது. > வந்ததும் குழம்பி எரர் தருகிறது.

கடைசியாக டைடிவெர்ஸ். பேக்கேஜ்களைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு சிரான் என்று பெயர், 1997 முதல் இருக்கிறது. விண்டோஸ், மேக் கணினிகளுக்காக, உடனே பயன்படுத்தும்படி தயார் செய்த வடிவத்தை அங்கே வைத்திருப்பார்கள். ஆனால் இப்போதைய பதிப்புக்கும் அதற்கு முந்தைய ஒன்றிரண்டுக்கும்தான் அதைப் புதுப்பிப்பார்கள். உங்கள் பதிப்புக்குப் புதிய பேக்கேஜின் தயார் வடிவம் இல்லை. அதனால் ஆர் அதன் மூல நிரலை எடுத்து, உங்கள் கணினியிலேயே தொகுக்கப் பார்க்கிறது. அந்தக் கால் மணி நேர ஓட்டம் அதுதான். தொகுக்க வேண்டிய கருவி உங்களிடம் இல்லை, அதனால் நின்றுவிடுகிறது.

இன்னொன்று. ‘நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்பது காரணம் அல்ல, வேலை முடியவில்லை என்ற அறிவிப்பு மட்டும்தான். காரணம் அதற்கு மேலே எங்கோ இருக்கும். யாரிடமாவது உதவி கேட்கும்போது கடைசி வரியை மட்டும் அனுப்பாமல், மேலே போய் ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள்.

நீங்கள் அழுததற்கும் புள்ளியியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழைய மென்பொருள் கையில் கிடைத்தது, அவ்வளவுதான். நான் எட்டு வருடமாக இந்தப் பாடத்துக்கு ஆய்வக உதவி செய்கிறேன். நிறுவலில் தடுக்கி, தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிப் பாடத்தையே விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மழைத்துளி:

இதைப் படித்ததும் மூச்சு வந்தது. மிக்க நன்றி. அப்படியென்றால் ஆர்ஸ்டூடியோவைப் புதுப்பித்தால் போதுமா?

எண்ணும் எழுத்தும்:

போதாது. பலரும் தவறுவது இங்கேதான். ஆர் வேறு, ஆர்ஸ்டூடியோ வேறு. கணக்குப் போடுவது ஆர். ஆர்ஸ்டூடியோ நீங்கள் உட்கார்ந்து எழுதும் மேசை. மேசையை மாற்றினால் கணக்குப் போடுபவர் மாறமாட்டார். இரண்டையும் செய்பவர்களும் வேறு வேறு. ஆர் மொழியை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கினார்கள். பெல் ஆய்வகத்தில் 1970களில் பிறந்த எஸ் என்ற மொழியின் வழியில் வந்தது அது. இப்போது ஆர் மையக்குழு அதைப் பராமரிக்கிறது. ஆர்ஸ்டூடியோ 2011இல் வந்தது. அதைச் செய்த நிறுவனம் 2022இல் தன் பெயரை பாசிட் என்று மாற்றிக்கொண்டது. அதனால் பதிவிறக்கப் பக்கத்தில் பாசிட் என்று இருந்தால் வேறு எங்கோ வந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் சிரான் தளத்திலிருந்து ஆர் நிறுவுங்கள். விண்டோஸுக்கு ‘பேஸ்’ என்று இருக்கும் இணைப்பைத்தான் அழுத்த வேண்டும். அப்புறம் பாசிட் தளத்திலிருந்து ஆர்ஸ்டூடியோவின் இலவச டெஸ்க்டாப் பதிப்பு. நிறுவும்போது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அது காட்டும் விடையையே ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய ஆர் அப்படியே இருக்கட்டும், அண்ணனுக்குத் தேவைப்படலாம். ஒரே கணினியில் பல பதிப்புகள் சண்டையில்லாமல் இருக்கும்.

மழைத்துளி:

இரண்டையும் நிறுவிவிட்டேன். கணினியையும் ஒருமுறை அணைத்துப் போட்டேன். ஆனால் கன்சோலில் இன்னும் அதே 3.5.1 ஃபெதர் ஸ்ப்ரேதான் வருகிறது!

வேகநடை:

அண்ணன் ஆர்ஸ்டூடியோவில் குறிப்பிட்ட பதிப்பைத் தேர்ந்து வைத்திருப்பார். டூல்ஸ் மெனுவில் குளோபல் ஆப்ஷன்ஸ், அதில் ஜெனரல். மேலேயே ஆர் பதிப்பு என்று இருக்கும், பக்கத்தில் மாற்றும் பொத்தான். 64-பிட் இயல்பு ஆர் என்பதைத் தேர்ந்துவிட்டு ஆர்ஸ்டூடியோவை மூடித் திறங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே ஆர்ஸ்டூடியோவைத் திறந்தாலும் எந்த ஆர் வேண்டும் என்று கேட்கும்.

மழைத்துளி:

வந்துவிட்டது! இப்போது 4 என்று தொடங்குகிறது. சாம்பிள் ஓட்டினேன், 9 4 7 1 2 5 3 10 6 8. குழாய்க்குறியும் வேலை செய்கிறது. டைடிவெர்ஸ் இரண்டே நிமிடத்தில் நிறுவியாகிவிட்டது.

ஆனால் லைப்ரரி(டைடிவெர்ஸ்) என்று ஓட்டினால் நீளமாக ஏதோ வருகிறது. ஃபில்டர், லாக் இரண்டும் ‘மறைக்கப்பட்டன’ என்றும், ‘கான்ஃப்ளிக்ட்ஸ்’ என்றும் இருக்கிறது. இது எரரா?

எண்ணும் எழுத்தும்:

இல்லை. ஃபில்டர் என்ற பெயரில் ஆரோடு வரும் ஸ்டாட்ஸ் பேக்கேஜில் ஒரு கட்டளை உண்டு. டைடிவெர்ஸில் அடங்கிய டிப்ளையர் பேக்கேஜிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. இனி ஃபில்டர் என்றால் டிப்ளையருடையதையே எடுத்துக்கொள்வேன் என்று சொல்கிறது, அவ்வளவுதான். கன்சோலில் வரும் செய்தி எல்லாமே எரர் அல்ல. ‘எரர்’ என்று தொடங்கினால் வேலை நின்றுவிட்டது. ‘வார்னிங்’ என்றால் வேலை நடந்தது, ஆனால் ஒருமுறை படித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் தகவல்.

நிறுவல் சரிதானா என்று தெரிந்துகொள்ள நான் எல்லோரிடமும் செய்யச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. ஆருடன் எம்டிகார்ஸ் என்ற தரவு சேர்ந்தே வரும். 1974இல் ஒரு கார் இதழில் வந்த 32 கார்களின் விவரம் அது. எல்எம்(எம்பிஜி ~ டபிள்யூடி, டேட்டா = எம்டிகார்ஸ்) என்று ஓட்டுங்கள். காரின் எடையை வைத்து மைலேஜைக் கணிக்கும் நேர்கோட்டை அது பொருத்தும். வெட்டுத்துண்டு 37.285, சாய்வு -5.344 என்று வர வேண்டும். எடை ஆயிரம் பவுண்டு கூடினால் கேலனுக்குச் சராசரியாக 5.344 மைல் குறைகிறது என்று பொருள். இந்த இரண்டு எண்களும் வந்துவிட்டால் இயந்திரம் சரியாக ஓடுகிறது என்று நிம்மதியாகப் பாடத்தைத் தொடங்கலாம்.

மழைத்துளி:

37.285, -5.344. வந்தது!

இடைநிலை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நானும் இதே மாதிரிப் பாடத்தில்தான் இருக்கிறேன். இவ்வளவு பாடு எதற்கு? எஸ்பிஎஸ்எஸ் போல மெனுவை அழுத்திச் செய்யும் மென்பொருள் இருக்கிறதே. இல்லையென்றால் எக்செல்.

எண்ணும் எழுத்தும்:

நியாயமான கேள்வி. ஒரு முறை மட்டும் டி-சோதனை செய்துவிட்டுப் போகிறவருக்கு மெனு போதும். மெனு வசதியும் வேண்டும், இலவசமாகவும் வேண்டும் என்றால் ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இருக்கின்றன. இரண்டுமே உள்ளுக்குள் ஆரை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன.

ஆனால் மெனுவில் அழுத்தியதற்குத் தடயம் இருக்காது. ஆறு மாதம் கழித்து வழிகாட்டி வந்து, எந்தெந்த வரிசைகளை நீக்கினீர்கள், ஏன் என்று கேட்டால், நிரல் எழுதியவர் கோப்பைத் திறந்து காட்டலாம். மெனுவில் அழுத்தியவர் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். ஆய்வுக்கு இது பெரிய வேறுபாடு. என் சொந்த முதுகலை ஆய்வில் எக்செலில் எங்கோ ஒரு பத்தியை மட்டும் தனியாக வரிசைப்படுத்திவிட்டேன். மற்ற பத்திகள் அப்படியே நின்றன. எந்த எண் யாருடையது என்றே தெரியாமல் போய், இரண்டு வாரம் காகிதப் படிவங்களை வைத்து மறுபடி உள்ளிட்டேன். நிரலில் செய்திருந்தால் மூலக்கோப்பு தொடப்படாமல் இருந்திருக்கும்.

இடைநிலை:

சரி, புரிகிறது. நானும் இன்று இரவே நிறுவப் பார்க்கிறேன்.

மழைத்துளி:

மறுபடியும் நான்தான். பயிற்சித் தரவு ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. ரீட்.சிஎஸ்வி கொடுத்தால் ‘அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை’ என்கிறது. கண்ணெதிரே இருக்கிறதே!

வேகநடை:

செட்டபிள்யூடி கட்டளையில் முழு முகவரியைக் கொடுங்கள். ஆனால் விண்டோஸில் முகவரியை நகலெடுத்தால் பின்சாய்வுக் கோடு வரும். ஆருக்கு அது வேறு பொருள், அதை முன்சாய்வாக மாற்ற வேண்டும்.

எண்ணும் எழுத்தும்:

வேகநடை சொன்னது வேலை செய்யும். ஆனால் இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். முழு முகவரியை நிரலில் எழுதினால் அது உங்கள் கணினியில் மட்டும் ஓடும். திருத்துபவர் தன் கணினியில் திறந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

கண்ணெதிரே இருப்பது உங்கள் கண்ணுக்கு. ஆர் எப்போதும் ஏதோ ஒரு ஃபோல்டரில் நின்றுகொண்டுதான் தேடும். எங்கே நிற்கிறது என்பதை கெட்டபிள்யூடி() சொல்லும். அது டாக்குமெண்ட்ஸில் நின்றுகொண்டு தேடினால் டவுன்லோட்ஸில் இருப்பது தெரியாது.

அதனால் பாடத்துக்கென்று ஒரு ஃபோல்டர் செய்யுங்கள். ஆர்ஸ்டூடியோவில் ஃபைல் மெனு, நியூ ப்ராஜெக்ட், ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர் என்று கொடுத்து அதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே ‘டேட்டா’ என்று ஓர் உள்ஃபோல்டர், தரவு ஃபைல்கள் எல்லாம் அதில். இனி எப்போதும் அந்த ப்ராஜெக்ட் ஃபைலை இருமுறை அழுத்தித்தான் ஆர்ஸ்டூடியோவைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் ஆர் தானாகவே அந்த ஃபோல்டரில் வந்து நிற்கும். நிரலில் ‘டேட்டா/மதிப்பெண்.சிஎஸ்வி’ என்று எழுதினாலே போதும். ஃபோல்டரை முழுசாகச் சுருக்கி ஆசிரியருக்கு அனுப்பினாலும் அங்கேயும் ஓடும்.

அந்த ஃபோல்டரை மேகத்தோடு ஒத்திசையும் இடத்தில் வைக்காமல் இருந்தால் நல்லது. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு கோப்பைப் பூட்டிக்கொள்ளும். பழைய ஆர் பேக்கேஜ்களை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள்தான் வைத்தது. அந்த ஃபோல்டரை ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் கணினிகளில் நிறுவல் பாதியில் நின்று தொல்லை கொடுத்தது. 4.2.0 முதல் விண்டோஸில் அந்த இடத்தையே மாற்றிவிட்டார்கள். உங்கள் பேக்கேஜ்கள் எங்கே போகின்றன என்பதை .லிப்பாத்ஸ்() காட்டும்.

நிறுவல் பாதியில் நின்றுபோனால் அந்த இடத்தில் 00லாக் என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர் மிஞ்சியிருக்கும். அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மழைத்துளி:

ப்ராஜெக்ட் செய்துவிட்டேன், ஃபைலும் படித்துவிட்டது. இன்று காலை திறந்தால் நேற்றைய மாறிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வசதியாக இருக்கிறது. அப்படியே விடலாமா?

எண்ணும் எழுத்தும்:

விட வேண்டாம், தயவுசெய்து. மூடும்போது ‘வொர்க்ஸ்பேஸைச் சேமிக்கவா’ என்று கேட்டதற்கு ஆம் சொல்லியிருப்பீர்கள். நேற்று கன்சோலில் தட்டிச் செய்த ஒரு மாறி இன்றும் நினைவில் இருப்பதால் உங்கள் நிரல் ஓடும். அந்த வரி நிரல் கோப்பில் இருக்காது. திருத்துபவரிடம் போனதும் ‘அப்படி ஒரு மாறி இல்லை’ என்று நிற்கும். பாடத்தில் மதிப்பெண் இழப்பவர்களில் பலர் இப்படித்தான் இழக்கிறார்கள்.

அதே ஜெனரல் பக்கத்தில், தொடங்கும்போது வொர்க்ஸ்பேஸை மீட்கும் குறியை எடுத்துவிடுங்கள். மூடும்போது சேமிப்பதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்று வையுங்கள். பயிற்சியைக் கொடுப்பதற்கு முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஆர் வெறுமையாகத் திரும்பத் தொடங்கும். அப்புறம் நிரலை மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். அப்படி ஓடினால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

ஆப்பிள்தோப்பு:

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிரானில் மேக்குக்கு இரண்டு நிறுவிகள் இருக்கும். எம்1, எம்2 போன்ற ஆப்பிள் சிப்புக்கு ஒன்று, பழைய இன்டெல் சிப்புக்கு ஒன்று. ‘இந்த மேக்கைப் பற்றி’ என்பதில் பார்த்துவிட்டுச் சரியானதை எடுங்கள். ஆப்பிள் சிப்பில் இன்டெல் நிறுவியும் ஓடிவிடும். அதனால் பலருக்குத் தவறு தெரிவதே இல்லை. நான் ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். ஆர் மெதுவாக இருந்தது, இரண்டையும் கலந்து வைத்ததும் ‘பொருந்தாத கட்டமைப்பு’ என்று எரர் வரத் தொடங்கியது. ஆர்ஸ்டூடியோவை அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டபின் திறக்க வேண்டும், பதிவிறக்கிய வட்டுப் படிமத்துக்குள் இருந்தபடியே திறக்கக் கூடாது.

நிறுவும்போது ‘தொகுக்க வேண்டிய மூல வடிவத்தை நிறுவவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு படி பழைய, தயார் நிலையில் உள்ள பேக்கேஜ் வரும். பாடத்துக்கு அது போதும்.

பென்குயின்:

உபுண்டுவில் இருப்பவர்களுக்கு: விநியோகத்தோடு வரும் ஆர் பழையதாக இருக்கலாம். சிரான் தன் களஞ்சியத்தைச் சேர்க்கும் வழியைச் சொல்லியிருக்கிறது, அப்படிச் செய்யுங்கள். லினக்ஸில் பேக்கேஜ்கள் மூலத்திலிருந்து தொகுக்கப்படுவதே வழக்கம். டைடிவெர்ஸ் நின்றால் பெரும்பாலும் கர்ல், ஓபன்எஸ்எஸ்எல், எக்ஸ்எம்எல்2 நூலகங்களின் ‘டெவ்’ வடிவங்கள் இல்லாததுதான் காரணம். எது இல்லை என்று எரர் செய்தியே பெயர் சொல்லும்.

இடைநிலை:

நான் விண்டோஸில் ஆர் நிறுவிவிட்டேன், சோதனை எண்களும் வந்தன. ஆனால் என் கணினிக் கணக்கின் பெயர் தமிழில் இருக்கிறது. ஒரு பேக்கேஜ் மட்டும் நிறுவ மறுக்கிறது. முகவரியில் என் பெயர் இருக்கும் இடத்தில் குப்பையாகக் காட்டுகிறது.

எண்ணும் எழுத்தும்:

இது நமக்கென்றே வரும் சிக்கல். 4.2.0 முதல் விண்டோஸிலும் ஆர் யூடிஎஃப்-8 என்ற, எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் குறியாக்கத்தில் ஓடுவதால் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன. விண்டோஸ் 10இன் 1903 பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். ஆனால் சில பேக்கேஜ்கள் அழைக்கும் வெளிக் கருவிகளுக்கு இன்னும் தமிழ் முகவரி புரிவதில்லை. கணக்கின் பெயரை மாற்றத் தேவையில்லை. சி டிரைவில் இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் செய்யுங்கள். ஆர்_லிப்ஸ்_யூசர் என்ற சூழல் மாறியில் அதன் முகவரியைக் கொடுங்கள். ஆர்ஸ்டூடியோவை மூடித் திறந்து .லிப்பாத்ஸ்() பாருங்கள். முதலில் அந்த முகவரி வந்தால் சரி, பேக்கேஜ்களை அங்கே மறுபடி நிறுவுங்கள்.

இடைநிலை:

நிறுவிவிட்டது. பெயரை மாற்ற வேண்டியிருக்குமோ என்று கவலையாக இருந்தது. நன்றி ஐயா.

மழைத்துளி:

தமிழ் என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் தரவில் மாணவர் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. பழைய ஆரில் ஒவ்வோர் எழுத்துக்கும் அடைப்புக்குறியும் எண்களுமாக வந்தது, இப்போது அட்டவணையில் தமிழாகவே தெரிகிறது. ஆனால் ஜிஜிபிளாட்டில் படம் வரைந்தால் ‘கொடி’ என்ற பெயரில் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன, நடுவே புள்ளி வட்டம் ஒன்றும் வருகிறது.

எண்ணும் எழுத்தும்:

எழுத்து ஆருக்குச் சரியாகவே போயிருக்கிறது. படம் வரையும் பகுதிதான் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாமல் தவிக்கிறது. ‘கொ’ என்பது கணினிக்குள் க, ஒகரக்குறி என்று இரண்டு குறிகள். வரையும்போது கொம்பை முன்னே போட்டு, காலைப் பின்னே போட வேண்டும். அது தெரியாத வரைவிகள் குறிகளை வந்த வரிசையில் கொட்டிவிடும்.

ராக் என்ற பேக்கேஜை நிறுவுங்கள், ஆங்கிலத்தில் ஆர்-ஏ-ஜி-ஜி. எழுத்தைக் கோக்கும் வேலையை அது சரியாகச் செய்கிறது. நிறுவியதும் குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரலில் கிராஃபிக்ஸ் என்ற தாவலுக்குப் போய் பேக்எண்ட் என்பதை ஏஜிஜி என்று வையுங்கள். ஜிஜிபிளாட்டில் எழுத்துருவாக நிர்மலா யுஐ, அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுங்கள். விண்டோஸில் நிர்மலா ஏற்கெனவே இருக்கும். படத்தைச் சேமிக்கும்போது ஜிஜிசேவ் கட்டளையிலும் டிவைஸ் என்ற இடத்தில் ராகின் பிஎன்ஜி வரைவியைக் குறிப்பிடுங்கள். திரையில் ஒன்று, ஃபைலில் வேறொன்று என்ற குழப்பம் வராது.

தரவை எக்செலில் திறந்து சேமிக்க நேர்ந்தால் வெறும் சிஎஸ்வி என்று சேமிக்காதீர்கள், தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பட்டியலில் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக ஒன்று இருக்கும், அதையே தேர்ந்தெடுங்கள். தமிழ்த் தரவை வைத்து வேலை செய்பவர்கள் நம்மில் இன்னும் குறைவு. அதனால் இந்த வழிகளை எழுதி வைக்க வேண்டியதும் நாம்தான்.

மழைத்துளி:

கொடி, கோமதி, தௌலத் மூன்று பெயர்களும் சரியாக விழுந்தன! படத்தைச் சேமித்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். பாடநூலில் சமவாய்ப்பு மாதிரி எடுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விதை எண், நிரல் எல்லாம் அதேதான். எனக்கு வரும் விடை புத்தகத்தோடு பொருந்தவில்லை. இப்போது என்னிடம் புதிய ஆர்தானே?

எண்ணும் எழுத்தும்:

இந்த முறை பழையது புத்தகம். எந்த ஆண்டில் அச்சானது என்று பாருங்கள்.

மழைத்துளி:

2016.

எண்ணும் எழுத்தும்:

அதுதான். நிரலின் தொடக்கத்தில் ஆர்என்ஜிகைண்ட்(சாம்பிள்.கைண்ட் = "ரவுண்டிங்") என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு அடுத்து செட்.சீட் கொடுங்கள். பழைய முறைக்குப் போய்விடும். ஒரு வார்னிங் வரும், அது வர வேண்டியதுதான். விடை பொருந்துகிறதா என்று பார்த்ததும் அந்த வரியை எடுத்துவிட்டு ஆரைத் திரும்பத் தொடங்குங்கள். உங்கள் சொந்தப் பயிற்சிக்குப் பழைய முறை வேண்டாம்.

பயிற்சியைக் கொடுக்கும்போது செஷன்இன்ஃபோ() தரும் விவரத்தையும் கடைசியில் ஒட்டிவிடுங்கள். எந்த ஆர், எந்தெந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு உங்கள் விடையும் யாரோ ஒருவருக்குப் பொருந்தாமல் போகலாம், அப்போது எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியும்.

மழைத்துளி:

புத்தக விடை அப்படியே வந்தது. வரியை எடுத்துவிட்டேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 அழுத்தி மேலிருந்து கீழே ஓட்டியதில் ஒரு இடத்தில் நின்றது. லைப்ரரி வரியை நிரலில் எழுதாமல் கன்சோலில் மட்டும் தட்டியிருக்கிறேன். அதைச் சேர்த்ததும் கடைசி வரி வரை ஓடியது. வியாழக்கிழமை மாலையே கொடுத்துவிட்டேன்.